'ம்' கொட்டாத கனெக்ஷன்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல மக்களே. ஆணி அதிகம். இன்னிக்கு எழுதப் போறதும் ஆணி பத்தித்தான். பொட்டி தட்டாதவங்க பயந்து ஓடிடாதீங்க. நடுவுல பால், மாடு, அம்மாச்சி எல்லாம் வரும் :-)

அம்மாச்சியிலேர்ந்தே ஆரம்பிக்கறேன். சின்ன வயசுல அலங்காநல்லூர்ல ராத்திரி கரண்ட் போச்சுன்னா திண்ணையில உக்காந்து அம்மாச்சி கதை சொல்லும். ஒரே ஒரு கண்டிஷன். கேக்கறவன் 'ம்' கொட்டணும். 'ம்' வரலேன்னா கதை நின்னுடும். "டேய், தூங்கிட்டியா?"ன்னு தொடையில ஒரு தட்டு. பதில் வந்தா விட்ட எடத்துலேர்ந்து கதை தொடரும். வரலேன்னா போர்வையைப் போத்திவிட்டுட்டு அதுவும் படுத்துடும். மறுநாள் "நேத்து எதுவரைக்கும்டா கேட்ட?"ன்னு விசாரிச்சுட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லும்.

எங்க அம்மாச்சி பள்ளிக்கூடம் போனதில்ல. ஆனா நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சுட்டு நாங்க எழுதுன சாப்ட்வேருக்கு இந்த அறிவு இல்லாமப் போச்சு. அதுதான் இந்தப் பதிவு.

கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு அப்ளிகேஷனுக்கும் மெசேஜ் சர்வருக்கும் நடுவுல கனெக்ஷன் அறுந்து போறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. கேபிள்னா அறும், ரூட்டர்னா தொங்கும். ஆனா அறுந்தது ரெண்டு பக்கத்துக்கும் தெரியாம இருக்கே, அதை நாம சகிச்சுக்கவே கூடாது. ஏன்னா அந்தப் பழி மெஷின் மேல விழாது. வரிசையில கடைசியா நிக்கற மனுஷன் தலையில போய் விழும். அப்படி ஒருத்தர் தலையில விழுந்தது. போட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

பச்சை டிக்

எங்க கம்பெனியோட வாடிக்கையாளர் ஒருத்தர், ஊர் ஊரா பால் கொள்முதல் பண்றவங்க. பேர் வேணாம். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துலயும் எடை மெஷினோட இணைஞ்ச ஒரு சின்ன லினக்ஸ் பொட்டி இருக்கும். பால் ஊத்த வர்றவங்க கேனைக் குடுத்ததும் எத்தனை லிட்டர், என்ன டிகிரி, எல்லாம் பதிவாகி, ஒரு மெசேஜா நம்ம சர்வருக்கு வரும். மெசேஜ் சர்வர்ன்னா ஒரு போஸ்ட் ஆபீஸ்னு வச்சுக்கங்க. தபாலை வாங்கி வச்சு, உரியவங்க வந்ததும் குடுக்கும். அனுப்புனதும் பொட்டியோட ஸ்கிரீன்ல ஒரு பச்சை டிக். ஊத்துனவங்க கையில ஒரு சீட்டு. அவ்வளவுதான்.

வாடிப்பட்டி பக்கத்துல ஒரு நிலையம். அங்க இருக்கற அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும். சில நாள் அவர் நிலையத்துலேர்ந்து காலையில முதல் பத்து பதினஞ்சு பேரோட கணக்கு மட்டும் சர்வருக்கு வந்து சேரல. சீட்டு கையில இருக்கு, சர்வர்ல இல்ல. ஊத்துனவங்களுக்குக் காசு குடுத்தாகணும். வித்தியாசத்தை இவரோட கமிஷன்ல புடிச்சாங்க.

அவர் எங்க சப்போர்ட்டுக்குப் போன் பண்ணாரு. நான்தான் எடுத்தேன்.

"தம்பி, நான் போட்டேன்யா. பச்சை டிக் வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"சரிண்ணே, பொட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணாரு. சரியாயிடுச்சு. டிக்கெட்ல 'யூசர் எரர்'னு எழுதி மூடிட்டேன். மத்த நிலையங்கள்லேர்ந்து அப்படி ஒரு புகாரும் வரல, அப்புறம் இவர்தானே ஏதோ தப்பா அமுக்கறாருன்னு என் நினைப்பு. மூணு மாசத்துல அஞ்சு டிக்கெட். அஞ்சும் அதே மாதிரிதான் மூடினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ ஆறாவது டிக்கெட் வந்துச்சு. பக்கந்தானே, நேர்ல போய்ப் பாத்துடுவோம்னு அப்பாவோட டிவிஎஸ் ஐ எடுத்துக்கிட்டு விடியக்காலம் நாலரைக்குக் கெளம்பினேன். நல்ல பனி. நான் போறதுக்குள்ள அண்ணன் எல்லாத்தையும் கழுவித் தொடைச்சு வச்சிருந்தாரு. பொட்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"ராத்திரி ஆஃப் பண்றதில்லையாண்ணே?"

"இல்ல தம்பி. காலையில ஆன் பண்ணா அஞ்சு நிமிசம் எடுக்குது. சனம் நிக்குதுல்ல. அதுக்குத்தான் சொந்தக் காசுல பேட்டரி போட்டு வச்சிருக்கேன்."

அங்கயே எனக்குப் பாதி புரிஞ்சு போச்சு. வயித்துல புளியக் கரைச்சுது. மத்த நிலையத்துக்காரங்க ராத்திரி பொட்டியை அணைச்சுட்டுப் போயிடறாங்க. காலையில புதுசா கனெக்ஷன் கெடைக்குது, பிரச்சினையே இல்ல. ஊத்த வர்ற சனம் நிக்கக் கூடாதுன்னு விடிய விடிய ஆன்ல வச்சிருந்தாரு பாருங்க, அவருக்குத்தான் கமிஷன் போயிருக்கு.

நடுவுல என்ன நடந்துச்சு

டிசிபி கனெக்ஷன்னு நாம சொல்றமே, அது ஏதோ ஒயர் இழுத்துக் கட்டி வச்ச மாதிரி நினைச்சுக்கறோம். அப்படி ஒண்ணும் கெடையாது. ரெண்டு முனையிலயும் இருக்கற மெமரியில ஒரு குறிப்பு, "நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம்"னு. அவ்வளவுதான் கனெக்ஷன். ரெண்டு பேரும் வாயே தொறக்கலேன்னா அந்தக் குறிப்பு நாள்கணக்கா அப்படியே கெடக்கும். நடுவுல கேபிளைப் புடுங்கிட்டுத் திருப்பிச் சொருகினாக்கூட ரெண்டு முனைக்கும் தெரியாது.

ஆனா நடுவுல ஒருத்தன் உக்காந்திருக்கான். பயர்வால், நாட் ரூட்டர், லோட் பேலன்சர், ஏதோ ஒண்ணு. எந்தக் கனெக்ஷன் எங்க போகுதுன்னு அவனும் ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருப்பான். நோட்டுல எடம் கம்மி. ரொம்ப நேரம் பேச்சே இல்லாத கனெக்ஷனை அடிச்சுட்டு வேற வேலையைப் பாப்பான். ரெண்டு முனைக்கும் சொல்லணும்னு அவனுக்குக் கட்டாயம் இல்ல.

எவ்வளவு நேரத்துல அடிப்பான்? நாட் எப்படி நடந்துக்கணும்னு 2008ல வந்த ஆர்எப்சி 5382, குறைஞ்சது 2 மணி 4 நிமிஷம் பொறுக்கணும்னு சொல்லுது. நடைமுறையில? சிஸ்கோ ஏஎஸ்ஏ பயர்வால்ல நாம எதையும் மாத்தலேன்னா 1 மணி நேரம். அமேசானோட நெட்வொர்க் லோட் பேலன்சர்ல 350 விநாடி. அஸூர்ல 4 நிமிஷம்.

சரி, டிசிபியிலயே கீப்அலைவ்னு ஒண்ணு இருக்கே, அது கண்டுபிடிக்காதான்னு கேப்பீங்க. 1989ல வந்த ஆர்எப்சி 1122 படி அது ஆஃப்லதான் இருக்கணும். அப்ளிகேஷன் கேட்டாத்தான் ஆன் ஆகும். ஆன் பண்ணாலும் லினக்ஸ்ல முதல் விசாரிப்பு 7200 விநாடி கழிச்சு, அதாவது ரெண்டு மணி நேரம். அதுக்கப்புறம் 75 விநாடிக்கு ஒண்ணா 9 தடவை தட்டிப் பாத்துட்டுத்தான் ஆள் போயிட்டான்னு முடிவு பண்ணும். நடுவுல இருக்கறவன் அதுக்குள்ள நோட்டையே கிழிச்சுப் போட்டிருப்பான்.

இப்போ அண்ணனோட நிலையத்துக்கு வாங்க. சாயங்காலப் பால் ஏழு மணிக்கு முடியுது. மறுநாள் காலை அஞ்சு வரைக்கும் பேச்சே இல்ல. பத்து மணி நேரம். பயர்வால் எப்பவோ அடிச்சுட்டான். அஞ்சு மணிக்கு முதல் கேன் வருது. அப்ளிகேஷன் மெசேஜை லினக்ஸ் கர்னல் கையில குடுக்குது. கர்னல் வாங்கி பஃபர்ல வச்சுக்குது. எங்க புத்திசாலி அப்ளிகேஷன் உடனே பச்சை டிக் போட்டுடுச்சு! சர்வருக்குப் போச்சான்னு யாரும் கேக்கல. தபால்காரர் வாசல்ல கூட வரல, அதுக்குள்ள 'பட்டுவாடா ஆச்சு'ன்னு எழுதிட்ட மாதிரி.

கர்னல் விடாம முயற்சி பண்ணும். பதில் வரலேன்னா 200 மில்லிசெகண்ட் கழிச்சு மறுபடி, அப்புறம் 400, அப்படியே இரட்டிப்பாகிக்கிட்டே போய் 120 விநாடியில நிக்கும். இப்படி 15 தடவை. கூட்டிப் பாத்தா சுமார் 924 விநாடி, பதினஞ்சரை நிமிஷம். அதுக்கப்புறம்தான் 'கனெக்ஷன் போச்சு'ன்னு அப்ளிகேஷனுக்கு எரர் வரும். எங்க கோடு உடனே புதுசா கனெக்ட் பண்ணிக்கும். பழைய பஃபர்ல இருந்த பத்து பதினஞ்சு பேரோட பால்? அதோகதி.

அன்னிக்குக் காலையில எஸ்எஸ் கமாண்டை டைமர் காட்டச் சொல்லி ஓட விட்டுப் பாத்தேன். கனெக்ஷன் 'எஸ்டாப்ளிஷ்டு'. ஆனா சென்ட்-க்யூ பூஜ்யத்துக்கு வராம ஏறிக்கிட்டே போகுது. ரீட்ரான்ஸ்மிட் எண்ணிக்கை அஞ்சு, ஆறு, ஏழு... சர்வர் பக்கம் சக ஊழியன் டிசிபிடம்ப் போட்டுப் பாத்தான். ஒரு பாக்கெட்கூட வரல. இங்கேர்ந்து போகுது, அங்க வரல, அப்போ நடுவுல. இருபது நிமிஷ வேலை மக்களே. மூணு மாசம் நான் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க'ன்னு சொல்லிச் சொல்லி, இந்தத் தடயத்தை எல்லாம் அவர் கையாலயே அழிக்க வச்சிருக்கேன்.

சத்தமா விழறது, சத்தமில்லாம விழறது

2021 பிப்ரவரி 24 ஞாபகம் இருக்கா? என்எஸ்இ பங்குச்சந்தை காலை 11:40க்கு எல்லா வர்த்தகத்தையும் நிறுத்துச்சு. ரெண்டு டெலிகாம் நிறுவனங்கள்ட்ட லிங்க் வாங்கி வச்சிருந்தும் ரெண்டுலயும் கோளாறு. ரிஸ்க் கணக்கு பாக்கற சிஸ்டம் வேலை செய்யல. மத்தியானம் 3:45க்குத்தான் திரும்ப ஆரம்பிச்சு அஞ்சு மணி வரைக்கும் நடத்தினாங்க. நாடே திட்டுச்சு. திட்ட வேண்டியதுதான். மாற்று ஏற்பாடு ஏன் வேலை செய்யலேன்னு செபியும் விளக்கம் கேட்டுச்சு.

ஆனா ஒண்ணு கவனிங்க. அது சத்தமா விழுந்துச்சு. 11:40க்கு விழுந்தது 11:41க்கு எல்லாருக்கும் தெரியும். அதனால யாரும் போய் ஒரு மூலையில இருக்கற புரோக்கர் ஆபீஸ் பையனைப் பாத்து "நீதான் ஆர்டரைத் தப்பாப் போட்ட"ன்னு சொல்லல. வாடிப்பட்டியில விழுந்தது சத்தமில்லாம. அதனால மூணு மாசம் ஒரு மனுஷன் பொய் சொல்றார்னு எல்லாரும் நம்பினோம். எது பெரிய நஷ்டம்னு பணத்தை வச்சுப் பாத்தா என்எஸ்இதான். பாதிக்கப்பட்டவருக்குத் தன் பக்கம் நியாயம்னு நிரூபிக்க வழி இருந்துச்சான்னு பாத்தா, எனக்கு வாடிப்பட்டிதான் பெருசாத் தெரியுது.

அப்போ என்னதான் செய்யணும்?

புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம். அம்மாச்சி செஞ்சது எல்லாம் ஏற்கனவே இருக்கு. நாமதான் ஆன் பண்றதில்ல.

1. 'ம்' கொட்ட வைங்க. இதுக்குத்தான் ஹார்ட்பீட். எம்க்யூடிடி கேள்விப்பட்டிருப்பீங்க. 1999ல ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் சேர்ந்து, எண்ணெய்க் குழாய்களை செயற்கைக்கோள் வழியா கண்காணிக்க உருவாக்கினது. அதுல கீப்அலைவ் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லேன்னா சர்வர் கனெக்ஷனை முறிச்சுடும். ரேபிட்எம்க்யூவுல 60 விநாடி, ஐபிஎம் எம்க்யூ சேனல்ல 300 விநாடி, ஆக்டிவ்எம்க்யூவுல 30 விநாடின்னு ஆரம்ப அளவு இருக்கு. நடுவுல இருக்கறவன் எத்தனை நேரத்துல அடிக்கறான்னு தெரிஞ்சுக்கிட்டு அதுல பாதிக்கும் கீழ வைங்க. 300 விநாடி வச்சுக்கிட்டு 4 நிமிஷத்துல அடிக்கறவன் வழியாப் போனா பிரயோஜனம் இல்ல.

2. "எதுவரைக்கும் கேட்ட?" இதுதான் அக்னாலெட்ஜ்மென்ட். சர்வர் 'வாங்கிட்டேன்'னு சொல்ற வரைக்கும் மெசேஜை டிஸ்க்ல பத்திரமா வச்சிருக்கணும். சொல்லலேன்னா திரும்ப அனுப்பணும். அப்போ ஒரே மெசேஜ் ரெண்டு தடவை போக வாய்ப்பு இருக்கு. அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு தனி நம்பர் குடுங்க. அதே நம்பர் திரும்ப வந்தா சர்வர் ஒண்ணாத்தான் எண்ணணும்.

3. வாடிவாசலை ஞாபகம் வச்சுக்கங்க. எங்க ஊர் ஜல்லிக்கட்டுல எத்தனை நூறு மாடு வந்தாலும் ஒண்ணொண்ணாத்தான் அவுத்து விடுவாங்க. சர்வர் ஒரு நிமிஷம் படுத்து எந்திரிச்சதும் ஐநூறு பொட்டியும் ஒரே விநாடியில கனெக்ட் பண்ணா, எந்திரிச்ச சர்வர் திரும்பப் படுத்துடும். மறு முயற்சிக்கு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போங்க. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்ன பின்ன கலைச்சு விடுங்க.

4. ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம். ரெண்டு முனையிலயும் சாக்கெட் நிலைமை என்னன்னு ஒரு ஃபைல்ல எடுத்து வச்சுட்டு அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணுங்க. சேவை முக்கியம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா தடயத்தை அழிச்சுட்டு 'காரணம் தெரியல'ன்னு எழுதறது நியாயமா?

ஹார்ட்பீட்டாலயே பிரச்சினை வருதேன்னு சில நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. அதுலயும் உண்மை இருக்கு. பைத்தான்ல பிகா லைப்ரரியோட பிளாக்கிங் கனெக்ஷனை வச்சு, ஒரே மெசேஜை பத்து நிமிஷம் மென்னுக்கிட்டு இருந்தீங்கன்னா, அந்த நேரத்துல 'ம்' கொட்ட ஆள் இருக்காது. சர்வர் 'ஆள் செத்துட்டான்'னு கனெக்ஷனை வெட்டிடும். உடனே ஹார்ட்பீட்டை பூஜ்யம் ஆக்கிட்டு 'ஃபிக்ஸ் பண்ணிட்டேன்'னு மெயில் போடறவங்க இருக்காங்க. வேலையை வேற த்ரெட்டுக்குத் தள்ளிவிட்டுட்டு 'ம்' கொட்டறவனைச் சும்மா விடறதுதான் மருந்து.

இன்னொரு வாதம், 'இது நெட்வொர்க் டீம் வேலை, பயர்வால்ல நேரத்தைக் கூட்டச் சொல்லுங்க'. எங்க மீட்டிங்லயும் இதைத்தான் முதல்ல சொன்னாங்க. கூட்டலாம். ஆனா அடுத்த ஊர் நிலையத்துல இருக்கற மொபைல் டேட்டா கம்பெனிக்காரன் நோட்டு யார் கையில? பஃபர்ல போட்டதுக்கே பச்சை டிக் காட்டினது நெட்வொர்க் இல்ல, நாம எழுதின கோடு. பாதையை நம்ப முடியாதுன்னு தெரிஞ்சப்புறம் கேட்டுக்கிட்டே நடக்க வேண்டியது நடக்கறவன் பொறுப்பு.

அப்புறம் என்ன ஆச்சு

ரிப்போர்ட் எழுதினேன். மூடின அஞ்சு டிக்கெட்டையும் திரும்பத் தொறந்து, 'யூசர் எரர்'ங்கறதை அடிச்சுட்டு 'எங்கள் மென்பொருளின் பிழை'ன்னு மாத்தினேன். மேனேஜருக்கு அந்த வரி புடிக்கல. 'நெட்வொர்க் கோளாறு'ன்னு போடேன்னாரு. போடல. அப்ரைசல்ல தெரியும் ;-) வாடிக்கையாளர் கம்பெனி கடைசி ரெண்டு மாசம் புடிச்ச கமிஷனைத் திருப்பிக் குடுத்துச்சு. முதல் மாசத்துது 'கணக்கு முடிஞ்சு போச்சு'ன்னு சொல்லிட்டாங்க. அதை நான் குடுக்கறேன்னு அண்ணன்ட்ட சொன்னேன். "போய்யா, ஒரு டீ வாங்கிக் குடு போதும்"னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

இப்போ புது வெர்ஷன்ல அனுப்புனதும் மஞ்சள் டிக்தான் வரும். சர்வர் 'வாங்கிட்டேன்'னு சொன்னப்புறம்தான் பச்சை. போன வாரம் காலையில அஞ்சே காலுக்குப் போன்.

"தம்பி, மஞ்சளாவே நிக்குதுய்யா, ரெண்டு நிமிசமா."

"இருக்கட்டும்ணே. அனுப்பினது எல்லாம் பொட்டியில பத்திரமா இருக்கு. ஆஃப் பண்ணிடாதீங்க, நான் பாக்கறேன்."

போர்வையை உதறிட்டு எந்திரிச்சு லேப்டாப்பைத் தொறந்தேன்.

டிஸ்கி: உங்க ஆபீஸ்ல 'காலையில முதல் மெசேஜ் மட்டும் சிக்குது'ன்னு யாராவது சொன்னா சிரிக்காதீங்க. எரர் சுமார் பதினஞ்சரை நிமிஷம் கழிச்சு வருதான்னு மட்டும் லாக்ல பாருங்க. இதே மாதிரி யார் தலையிலயாவது பழியைப் போட்ட அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க. படிச்சுட்டுச் சும்மா போறவங்க அட்லீஸ்ட் ஒரு 'ம்' கொட்டிட்டுப் போங்கப்பா :-)